புஷ்ஷுக்கு எண்ணெய் விடாதீர்கள்

பழைய கார் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து ‘கிரீச்’ என்றோ ‘கொடக்’ என்றோ சத்தம் வந்தால், சிலாங்கூரில் சுங்கை சோவிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: “லோவர் ஆர்ம் புஷ்ல கொஞ்சம் எண்ணெய் அடி, நின்னுடும்லா.” ஒருவர் ஸ்பிரே டப்பாவை நீட்டுவார், இன்னொருவர் கிரீஸ் என்பார், மூன்றாமவர் இஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயையே ஊற்றச் சொல்வார். ரப்பர்ப் பொருள் தயாரிப்பிலேயே வேலைக்காலத்தைக் கழித்த எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. வேறு ஊர்க்காரர் சொன்னால் விட்டுவிடலாம். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகாது என்பது நமக்கே தெரியாமல் போகலாமா?

சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ் இரும்புக் கைதான் லோவர் ஆர்ம். அது உடலில் மாட்டும் இடத்தில் இருப்பது புஷ். அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் ஒரு சிறு இரும்புக் குழாய், இரண்டுக்கும் இடையே ரப்பர். சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த ரப்பரை இரும்போடு ஒட்டவைத்திருக்கிறார்கள். சக்கரம் மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர்தான் முறுகிக்கொடுத்து, மறுபடி தன் நிலைக்குத் திரும்புகிறது. உரசலே இல்லாத இடத்தில் எண்ணெய்க்கு என்ன வேலை? அந்தப் புஷ்ஷிலிருந்துதான் சத்தம் வருகிறதென்றால், ரப்பர் கிழிந்துவிட்டது அல்லது இரும்பை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். கிழிந்ததை எண்ணெய் ஒட்டவைக்காது.

வேலைக்கு உதவாதது மட்டுமல்ல, அது கெடுதலும் செய்கிறது. அடிக்கடி முறுகும் உறுப்புகளுக்கு இயற்கை ரப்பரைத் தேர்ந்தெடுப்பதே அது எளிதில் களைத்துக் கிழியாது என்பதற்காகத்தான். அதே ரப்பர் இஞ்சின் எண்ணெய், டீசல், சாதாரண கிரீஸ் எதுவானாலும் உறிஞ்சி ஊதிப்போகும். ஊதிய ரப்பர் மென்மையாகிவிடும், இழுத்தால் சீக்கிரம் அறுந்துவிடும். நம்பாதவர்கள் கடையில் கட்டித் தரும் ரப்பர் வளையம் இரண்டை எடுங்கள். ஒன்றை இஞ்சின் எண்ணெயில் ஒரு வாரம் போட்டுவைத்து, பிறகு இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து இழுத்துப் பாருங்கள். எண்ணெயில் கிடந்தது நீண்டு தடித்திருக்கும். அதுதான் முதலில் அறும்.

“ஆயில் சீலும் ரப்பர்தானே, அது எண்ணெயிலேயே கிடக்கிறதே” என்று எதிர்வாதம் வரும். அது நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர், எண்ணெயைத் தாங்குவதற்கென்றே செய்தது. “நான் அடித்தேன், சத்தம் நின்றதே” என்பதுதான் இதைவிட மோசமான வாதம். கிழிந்த ரப்பரின் இரு பக்கமும் வழவழப்பானதால் சில நாள் கத்தாது. அந்தச் சில நாளில் கிழிசல் இன்னும் உள்ளே போயிருக்கும். உங்களை எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே குரலையும் நீங்களே அடைத்துவிட்டீர்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். பழைய தோட்ட லாரிகளில் கிரீஸ் துப்பாக்கியால் அடிக்கும் மூட்டுகள் உண்டு. அங்கே இரும்பும் இரும்பும் உரசின, கிரீஸ் கட்டாயம் தேவைப்பட்டது. அந்த அறிவை அப்படியே கஞ்சில், விரா போன்ற கார்களுக்கும் கொண்டுவந்தது தவறு.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். புஷ் போன கார் பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் தன் இடத்தில் நிற்காது, சக்கரம் பின்னால் நகரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மழையில் ரவாங்–செரெண்டா பழைய சாலையில், பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும்போது இது நடந்தால் என்ன ஆகும்?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். அலைன்மெண்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது பொய். ஆடிக்கொண்டிருக்கும் ஆர்மில் எந்த அளவும் நிற்காது, டயரின் உள்விளிம்பு தேய்ந்துகொண்டே இருக்கும். பாலியூரித்தேன் புஷ்தான் எப்போதும் மேல் என்பதும் சரியல்ல. அது விறைப்பு, சாலையின் அதிர்வை உள்ளே அனுப்பும். அதற்குத்தான் சிலிக்கோன் கிரீஸ் வேண்டும். பழைய கார் உறுப்புகள் விற்கும் ஹாஃப்கட் கடையில் ஆர்ம் வாங்கலாம், இரும்பு சீக்கிரம் கெடுவதில்லை. ஆனால் அதிலுள்ள ரப்பரும் உங்களுடையதைப்போல வயதானதே. புதுப் புஷ் அழுத்திப் போடுங்கள், அதையும் சுத்தியலால் அடித்து ஏற்றாமல் பிரஸ்ஸில் வைத்துப் போடச் சொல்லுங்கள்.

“போன வருஷம் மாற்றினேன், மறுபடி கிழிந்துவிட்டது, சாமான் போலி” என்ற புலம்பலை மட்டும் விட முடியாது. பெரும்பாலும் குற்றம் சாமானில் இல்லை, முடுக்கிய விதத்தில் இருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். உள்குழாய் அந்த நிலையில் பூட்டப்படுகிறது. காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கிறது, நிறுத்தி வைத்த நேரத்திலும் ஓய்வில்லை. போல்ட்டைத் தளர்வாக வைத்து, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும்.

பெரோடுவா கார் நிறுவனத்தின் தொழிற்சாலை இதே சுங்கை சோவில்தான் இருக்கிறது. 1994இல் வந்த அதன் கஞ்சிலின் தயாரிப்பு 2009இல் நின்றது. ஆனால் நம் தாமான்களில் அது இன்னும் ஓடுகிறது. தனியார் காருக்கு இங்கே வருடாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. பெயர் மாற்றும்போதுதான் அடிப்பாகத்தை யாராவது பார்ப்பார்கள். பதினைந்து வயது தாண்டிய கார்களையாவது ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான் பலரிடம் வாதாடி வருகிறேன். அதோடு, தமிழ்ப்பள்ளி அறிவியல் வகுப்பில் ரப்பர் வளையச் சோதனையைச் செய்து காட்டுங்கள் என்றும் கேட்கிறேன். 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய நாடு இது. சுங்கை பூலோவில் அதன் பெரிய சோதனைத் தோட்டம் இருந்தது. தாத்தா வெட்டிய பாலைப் பற்றிப் பேரனுக்கு ஒன்றுமே தெரியாதிருப்பது எனக்கு வேதனை.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், கடப்பாரையால் ஆர்மை நெம்பிக் காட்டச் சொல்லி நீங்களே குனிந்து பாருங்கள். மேலே மெல்லிய வெடிப்பு மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். ரப்பர் இரும்பை விட்டு விலகினால் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், பிறகு அலைன்மெண்ட் செய்யுங்கள். எண்ணெய் டப்பாவை எடுக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.