பிளாஸ்க்கில் ஒரு நிவாரணப் பதிவேடு

இணையச் செயலி எழுதப் பழக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சஹானாவைப் பற்றித்தான் பேசுவேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கம்பியூட்டர் தெரிந்த தொண்டர்கள் இலங்கையில் ஒன்றுகூடி அவசர அவசரமாக எழுதிய மென்பொருள் அது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதை வளர்த்தெடுத்தது. காணாமல் போனோர் ஒரு மொடியூல், முகாம்கள் ஒரு மொடியூல், உதவி நிறுவனங்கள் ஒன்று, தேவைகளும் நன்கொடைகளும் இன்னொன்று. மூலநிரல் திறந்திருந்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அடுத்த வருடம் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதும் அதற்குக் கிடைத்தது. முதலில் பிஎச்பியில் இருந்தது. பின்னால் வந்த சஹானா ஈடன் பைதனில், வெப்2பை சட்டகத்தின் மேல் எழுதப்பட்டது. நம் நாட்டில் பிறந்த இந்த வேலையை நம் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கண்டிப் பக்கம் மழைக்காலம் என்றால் மண்சரிவு எச்சரிக்கையும் கூடவே வரும். கலஹா, புசல்லாவை பக்கத்துத் தோட்டங்களுக்கு உலர் உணவு கொண்டுபோகும் எங்கள் இளைஞர் குழுவுக்கு ஒரு பதிவேடு தேவைப்பட்டது. சஹானா அளவுக்குப் பெரியது வேண்டாம். அதன் அமைப்பு மட்டும் போதும். அதனால் பிளாஸ்க்கை எடுத்தோம். ஆஸ்திரியரான ஆர்மின் ரோனகர் 2010இல் வெளியிட்ட பைதன் சட்டகம் இது. உள்ளே முக்கியமாக இரண்டு: வலைக் கோரிக்கைகளைக் கையாளும் வெர்க்சுக், பக்கங்களை வார்க்கும் ஜின்ஜா. தரவுத்தளம், லொகின், மொழிபெயர்ப்பு எல்லாம் தேவைப்பட்டால் நாமே தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரே கோப்பில் ஏழெட்டு வரி எழுதினால் பக்கம் திறந்துவிடும். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்த ஏழெட்டு வரியும் ஏன் இருக்கிறது என்று ஒரே அமர்வில் விளக்கிவிடலாம்.

கோப்பு நீளத் தொடங்கியதும் புளூபிரிண்டுக்கு, அதாவது செயலியைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் பிளாஸ்க்கின் வசதிக்கு, மாறுங்கள். நாங்கள் குடும்பங்கள், பொருட்கள், தொண்டர்கள் என்று மூன்றாகப் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், தனிப் பக்கங்கள். சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு புளூபிரிண்டைப் பதிவுசெய்யும் வரியை அழித்துவிட்டுச் செயலியை ஓட்டுங்கள். மற்ற இரண்டும் தடங்கல் இல்லாமல் ஓடினால் சரி. இல்லையென்றால் எங்கோ ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கிறது.

சட்டகம் எளிது. கஷ்டமெல்லாம் நம் ஊர் விவரத்தில்தான். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். அப்பா பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் ஆட்களுக்கு அது பொருந்தாது. ‘முழுப்பெயர்’, ‘முதலெழுத்துகளுடன் பெயர்’ என்றே வையுங்கள். இலங்கைப் படிவங்கள் எல்லோருக்கும் பழகியவை. முகவரிக்கு வீட்டு இலக்கத்தைக் கட்டாயமாக்காதீர்கள். தோட்டத்தில் தோட்டப் பெயர், மேல்கணக்கா கீழ்க்கணக்கா, லயம், காம்பரா என்றுதான் சொல்வார்கள். அடையாள அட்டையில் பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த புதியது பன்னிரண்டு இலக்கம். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அட்டையே இல்லாதவருக்கும் அரிசிப் பொதி போய்ச் சேர வேண்டும். அந்தப் பெட்டி காலியாக இருக்க அனுமதியுங்கள்.

தமிழ் எழுத்தில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, இங்கே இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அந்தப் பட்டியலை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். இரண்டு, ‘கோ’வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ‘கோகிலா’ தேடலில் அகப்படாமல் போவது இதனால்தான். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் பைதனின் யூனிகோட்டேட்டா மொடியூலால், ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மூன்று, அகரவரிசை. யூனிகோட் அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ இருப்பதால், சும்மா வரிசைப்படுத்தினால் கனகா முன்னே வந்து கமலா பின்னே போவார். விநியோக மேசையில் அச்சிட்ட தாளைப் பள்ளிக்கூட வரிசைப்படி பார்க்கிற தொண்டர், பெயர் இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். எழுத்துகளின் சரியான வரிசையைக் கொடுத்து ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினால் போதும்.

திரையில் வரும் சொற்களுக்கு பிளாஸ்க்-பேபல் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று என்று மொழிபெயர்ப்புக் கோப்புகள் தனியாக இருக்கும். கோட் தெரியாத ஆசிரியர் ஒருவரே போஎடிட் என்ற மென்பொருளில் திறந்து நிரப்பித் தரலாம். எங்கள் சிங்கள நண்பர்களும் அதே செயலியில் வேலை செய்ய முடிந்தது இதனால்தான்.

விநியோகம் நடக்கும் மண்டபத்தில் இன்டர்நெட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு லேப்டொப், ஒரு வைஃபை ரவுட்டர் போதும். லேப்டொப்பில் செயலியை ஓட்டி, போன்களில் அதன் ஐபி முகவரியைத் திறந்தால் வெளி இணைப்பே வேண்டாம். பிளாஸ்க்கோடு வரும் சர்வர் எழுதிப் பார்க்க மட்டும். வேலை நாளில் வெயிட்ரஸ் சர்வரைப் பயன்படுத்துங்கள், விண்டோஸிலும் ஓடும். டிபக் நிலையைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால், அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் உங்கள் லேப்டொப்பில் தன் கட்டளையை ஓட்ட வழி கிடைக்கலாம்.

எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் முழுப் பதிவேடும் ஒரே கோப்பு. பென்டிரைவில் பிரதி எடுப்பது சுலபம், தொலைவதும் சுலபம். அதில் இருப்பது ஏழைக் குடும்பங்களின் விவரம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். எவ்வளவு காலம், யார் கையில் அந்தக் கோப்பு இருக்கும் என்பதை முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும். எங்கள் குழுவில் விநியோகம் முடிந்ததும் அடையாள அட்டை இலக்கங்களை அழித்துவிடுவோம். எந்தத் தோட்டத்துக்கு என்ன பொருள் எத்தனை போனது என்ற கணக்கு மட்டும் அடுத்த மழைக்கு இருக்கும்.