வேட்டை நாய்க்கு ஏற்ற போட்டி

நாய்க்கு இயல்பாய் அமைந்த அறிவு ஒன்று. மனிதன் பயிற்றித் தரும் அறிவு மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே விளங்கும் களமே நாய்ப் போட்டி. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

போடிநாயக்கனூருக்குத் தெற்கே மலையடிவாரத்திலுள்ள கோம்பை என்னும் ஊர், புகழ்பெற்ற கோம்பை நாய்க்குப் பெயர் தந்தது. செந்நிற உடலும் கரிய முகமும் உடைய இந்நாய், காட்டுப்பன்றியை மடக்கவும் வீட்டைக் காக்கவும் வளர்க்கப்பட்டது. கரிசல் வெளியிற் பழகிய சிப்பிப்பாறை நாயோ, முயலைக் கண்ணாற் கண்டு ஓடிப் பிடிப்பது. ஏலமலைச் சரிவின் அடர்ந்த நிழலில் தூரத்துப் பொருள் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. அங்கே மூக்கும் செவியுமே துணை. ஆதலின், இவ்விரு நாய்களையும் ஒரே வெளியில் ஓடவிட்டு, முந்தியதே சிறந்தது என்று தீர்ப்பது முறையன்று.

வேட்டை என்பது ஒரு செயலன்று, செயல்களின் தொடர். மோப்பம் பிடித்தல், உற்றுநோக்கல், பதுங்கல், துரத்தல், கவ்வல், கொல்லல் என அது முறையே வளரும். நல்ல போட்டி இவற்றுள் வேண்டியதை வளர்த்து, வேண்டாததைப் பயிற்சியால் அடக்குகிறது. வேல்ஸ் நாட்டுப் பாலா என்னும் ஊரில் 1873-இல் ஆட்டுநாய்ப் போட்டி நடந்தது. இத்தகைய போட்டியில் நாய் பதுங்கும், மந்தையை வளைக்கும். ஆயினும் கடியாது, மேய்ப்பனது சீழ்க்கைக்கு அடங்கி நிற்கும். மற்றொரு போட்டியில் இயந்திரம் இழுக்கும் பொய்யிரையை நாய்கள் துரத்துகின்றன. அங்கே நாயின் வேகம் விளங்குகிறது, முயலோ சாவதில்லை. மோப்பப் போட்டியில், ஒளித்துவைத்த பொருளை மணத்தாற் கண்டறிதலே வெற்றி.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அது தக்கதே. ஆனால் சட்டத்தால் வேட்டை நின்றதேயன்றி, நாயின் இயல்பு நிற்கவில்லை. 1896-இல் தோன்றிய கென்னல் கிளப் ஆப் இந்தியாவின் ஆதரவில் நாய்க் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அவற்றில் உடலமைப்பும் நடையும் மதிக்கப்படுகின்றன. மூக்கின் கூர்மையை அங்கே யார் அளப்பார்? தோற்றம் ஒன்றையே நோக்கித் தாயையும் தந்தையையும் தெரிந்து இனத்தைப் பெருக்கினால், கோம்பையின் உருவம் எஞ்சும். கோம்பையின் திறம் தேய்ந்துபோம்.

ஆகவே, மலையடிவார ஊர்களில், காட்டுக்கு வெளியே, மோப்பத்தையும் கீழ்ப்படிதலையும் அளக்கும் போட்டிகள் நடத்தல் நன்று என்பது நம் கருத்து. ஓர் உயிரினத்தைக் காப்பது அதன் வடிவத்தைக் காப்பது மாத்திரமன்று. அதன் தொழிலுக்கு இடந்தருவதும் ஆம்.