பிள்ளை பேரை அடிச்சிட முடியுமா?

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும்போது பிள்ளைங்களையும் கூட்டிப் போகிறோம். திரும்பி வந்ததும், "இத்தனை நாள் போகலையே, இனிமே சேர்ப்பாங்களா?" என்று பயந்து வீட்டிலேயே நிறுத்திவிடுகிறோம். பயம் வேண்டாம். 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம் சொல்வதைப் படியுங்கள்:

1. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது.

2. போகிற ஊர் அரசுப் பள்ளியிலும் சேர்க்கலாம். டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது.

3. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தரணும்.

4. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். அங்கே நாமும் கேட்கலாம்.

கூட்டத்தில் பேசுங்கள்: நம்ம குழுவில் எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகலை? பெயரை எழுதுங்கள். ஊக்குநரும் தாயும் சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள்.