மதிற்சுவரின்மேல் தட்டி வேலி

மனைக்கும் தோட்டத்திற்கும் எடுத்த மதிற்சுவரின் உயரம் போதவில்லை என்று தோன்றுமிடத்து, புதுச்சுவர் எழுப்பும் செலவுக்கு அஞ்சி, இருக்கும் சுவரின் தலையில் இரும்புக் கால்களை முடுக்கித் தகரத் தட்டி அடைப்பது பல ஊர்களிலும் வழக்கமாகி வருகிறது. ஆடுகள் தாண்டா, வழிப்போக்கர் பார்வை முற்றத்தில் விழாது, நூல் கிடங்கிற்கும் ஒரு காவலாகும். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் இவ்வேலையால் சுவருக்கு நேர்வது யாது என்பதை அங்கத்தினர்கள் ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

தனித்து நிற்கும் சுவரை நிறுத்தி வைப்பது அதன் எடையே. காற்றுப் பக்கவாட்டில் தள்ளும்போது சுவர் தன் அடி விளிம்பைப் பற்றிச் சாய முயலும். எடை அதனைத் திரும்ப இழுத்து அமர்த்தும். 9 அங்குலக் கனமும் 5 அடி உயரமும் உள்ள செங்கற்சுவரில் 1 மீட்டர் நீளத்தின் எடை ஏறக்குறைய 670 கிலோ. இவ்வெடை விளிம்பிலிருந்து நான்கரை அங்குலத் தொலைவில் நின்று வேலை செய்கிறது. இரண்டையும் பெருக்க 3,015 வரும். இது சுவரின் வலிமை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோ வீதம், அந்த 1 மீட்டர் நீளத்தை 58 கிலோ அளவுக்குத் தள்ளும். அத்தள்ளுதல் சுவரின் நடு உயரமாகிய 30 அங்குலத்தில் இருப்பதாகக் கொண்டால் பெருக்கத் தொகை 1,740. சுவர் நிற்கிறது. இனி 2 அடித் தட்டியை மேலே வைப்போம். காற்றின் தள்ளுதல் 81 கிலோவாகிறது. நடு உயரம் 42 அங்குலமாகிறது. பெருக்கத் தொகை 3,402. அதே காற்றில் சுவர் சாய்ந்துவிடுகிறது. தகரத்தின் எடையோ சுவருக்கு எவ்விதத் துணையும் ஆகாத அளவு சொற்பம்.

உயரம் ஐந்தில் இரு பங்கே கூடியிருக்கத் தள்ளும் வேகம் ஏறத்தாழ இரு மடங்கானது ஏன் எனில், அது உயரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. ஐயைந்து 25, ஏழேழ் 49. சாந்தின் பிடிப்பையும் இடைத்தூண்களையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை என்று சிலர் கூறலாம். நல்ல தூண்கள் உதவும் என்பது உண்மையே. மழையில் ஊறிய பழஞ்சுவரின் சாந்தை நம்புவது மட்டும் தகாது. நான்கரை அங்குலச் சுவராயின், எடையும் பாதி, விளிம்புத் தொலைவும் பாதி. ஆதலின் அதன் வலிமை மேற்கூறியதில் கால் பங்கே. அதன்மேல் தட்டி வைக்கும் யோசனையையே விட்டுவிடலாம்.

90 கிலோமீட்டர் காற்று எங்கே வரப்போகிறது என்று எண்ண வேண்டா. 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட டெல்டா விவசாயிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சுவர் விழுவதற்குக் காற்றுத்தான் வேண்டும் என்பதுமில்லை. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையின்போது உயர்ந்த மதில் ஒன்று அருகிருந்த வீடுகளின்மேல் சரிந்து 17 பேர் மாண்டனர். அது தட்டி வைத்ததால் விழுந்த சுவர் அன்று. எனினும் மதிலின் மறுபுறத்தில் மனிதர் உறங்குகின்றனர் என்பதை நம் நெஞ்சில் நிறுத்தும்.

ஆதலின் வேலியைச் சுவர் சுமக்கலாகாது. நிலமே சுமக்க வேண்டும். சுவரை ஒட்டி, நம் மனைப் பக்கத்தில், ஆறடிக்கு ஒன்றாகக் கல்தூணோ இரும்புக் காலோ நட்டு, இரண்டரை அடிக்குக் குறையாத ஆழத்தில் கான்கிரீட் இட்டு இறுக்க வேண்டும். குழி தோண்டுகையில் சுவரின் அஸ்திவாரத்தைக் குடைந்துவிடாதபடி சற்று விலகியே தோண்டுக. காலைச் சுவரோடு பிணைத்தல் வேண்டா. சுவர் உச்சிக்கு மேலே தெரியும் பகுதியில் தகரத்திற்குப் பதிலாகக் கம்பி வலை கட்டினால் காற்றுப் பெரும்பாலும் ஊடே சென்றுவிடும். சிலர் சுவர் உச்சியில் துளையிட்டு போல்ட் முடுக்குகின்றனர்; காற்று அசைக்க அசைக்க மேல் இரண்டு வரிசைச் செங்கல் தட்டியோடு பெயர்ந்து வருவதே இதன் பலன். உச்சியில் கான்கிரீட் பெல்ட் போட்டால் செங்கல் பெயராது; முழுச்சுவரும் சாய்வதை அது தடுக்காது.

வலை கட்டியபின் ஒரு தொல்லை உண்டு. தோட்டக்காரர் அதில் அவரையும் பீர்க்கும் ஏற்றுவர்; நெசவாளர் சாயம் தோய்த்த நூற்கழிகளை ஈரத்துடன் உலரப் போடுவர்; வெயிலுக்குப் பச்சை நிழல்வலை கட்டுவோரும் உளர். அப்பொழுது வலை மீண்டும் தட்டியாகிவிடுகிறது. கொடிக்கு வேறு பந்தல் போடுக; கழிகளுக்குத் தனிக் கொம்பு நடுக.

வேலை தொடங்குமுன் தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர்மையைப் பார்த்தல் அவசியம். சாய்ந்த சுவர், அடியில் உப்புப் பூத்த சுவர், வேப்ப வேர் நுழைந்த சுவர், சாயப்பட்டறை நீர் தேங்கும் சுவர் ஆகியவற்றின் அருகே வேலி நடுமுன் சுவரையே செப்பனிட வேண்டும்.

சுவர் யாருடையது என்பதும் கேள்வியே. இருவருக்கும் பொதுவான சுவராயின் ஒருவர் மட்டும் அதன்மேல் உயர்த்திக் கட்டுதல் கூடாது. சுவர் நம்முடையதேயாயினும், அண்டைவீட்டுச் சாளரம் 20 ஆண்டுகளாகத் தடையின்றி வெளிச்சம் பெற்று வந்திருப்பின், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி அவருக்கு அதில் உரிமை ஏற்பட்டிருக்கக் கூடும். கம்பி வலைக்கு இத்தகராறும் பெரும்பாலும் எழாது. பஞ்சாயத்து அல்லது நகராட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றி முன்னரே விசாரித்துக்கொள்க. சங்கக் கட்டடத்தின் மதிலாயின், நிர்வாகக் குழுத் தீர்மானத்துடன் பொறியாளரின் மதிப்பீட்டையும் அண்டைவீட்டாரின் எழுத்து மூலமான சம்மதத்தையும் கோப்பில் சேர்த்த பின்னரே கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.