தளர்த்தும் கையே கற்பிக்கும் கை

குதிரையேற்றம் என்றவுடன் பந்தயத் திடலும் பாய்ந்தோடும் புரவிகளுமே நம் மனக்கண்முன் தோன்றும். விரைவை நாடாது ஒழுங்கையே உயிராகக் கொண்ட குதிரைக் கலை ஒன்றும் உண்டு. அதன் பெயர் டிரெஸ்ஸாஜ். ‘பயிற்றுவித்தல்’ என்பதே அப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள திடலில், குறித்த நடைகளையும் திருப்பங்களையும் குதிரை வரிசையாகச் செய்து காட்டும். நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவர். ஏறியிருப்பவர் வாய் திறந்து ஆணையிடுதல் கூடாது. அவர் தரும் குறிப்புகள் காண்போர் கண்ணுக்குப் புலனாகாத அளவு நுண்மையாக இருத்தலே சிறப்பு.

இங்கே ஒரு வினா எழுகிறது. மனிதனைப்போல் ஏழெட்டு மடங்கு எடையுள்ள ஒரு விலங்கு, அவனுடைய சொல்லாத சொல்லைக் கேட்டு நடப்பது அச்சத்தாலா, புரிதலாலா? நாம் கூறும் விடையைப் பொறுத்தே பயிற்றும் முறையும் அமையும்.

குதிரை கற்கும் விதம்

குதிரை மேய்ந்து வாழும் விலங்கு. கொடிய விலங்குகளுக்கு இரையாகக் கூடியது. ஆகவே, ஐயம் தோன்றியவுடன் ஓடுவது அதன் இயல்பு. தோலில் ஓர் ஈ அமர்ந்தாலும் உணர்ந்து அவ்விடத்தைச் சிலிர்க்கும் நுண்ணுணர்வு அதற்கு உண்டு. அத்தகைய உடலை ஏறியிருப்பவர் காலால் இலேசாக அழுத்துகிறார். குதிரை ஓரடி முன்வைக்கிறது. அந்த நொடியிலேயே அழுத்தம் நீங்குமானால், ‘நான் செய்தது சரி’ என்று அது அறிந்துகொள்ளும். அழுத்தம் வினா, தளர்த்தலே விடை.

அடி எடுத்து வைத்த பின்னும் கால் அழுத்திக்கொண்டே இருந்தால் என்னாகும்? சரிக்கும் தவறுக்கும் வேறுபாடு விளங்காமல் குதிரை திகைக்கும். நாளடைவில் அதன் உணர்வு மரத்துப்போகும். அல்லது அது மிரளத் தொடங்கும். பிறகு அதற்கு நாம் ‘முரட்டுக் குதிரை’ என்று பெயர் சூட்டுகிறோம். பிழை யாருடையது என்று எண்ணிப் பாருங்கள்!

குதிரை மனிதனை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறது என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை, கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை கூறி வியப்பூட்டியது. அது கணக்கு அறியவில்லை. கேட்பவர் தம்மையறியாமல் செய்த மிகச் சிறிய உடலசைவைக் கண்டே தட்டுவதை நிறுத்தியது. ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் இதனை 1907-இல் விளக்கினார். கேட்டவருக்கே தெரியாத அசைவு குதிரைக்குத் தெரிந்திருந்தது. அத்தகைய உயிரிடம் உரக்கப் பேசவும் வேண்டுமோ?

ஆசிரியருக்கு மாணவர் இருவர்

டிரெஸ்ஸாஜ் ஆசிரியருக்கு மாணவர் இருவர்: மேலே ஒருவர், கீழே ஒன்று. கீழுள்ள மாணவருக்கு வாய்மொழி இல்லை. பின்னோக்கி மடிந்த காது, ஓயாமல் வீசும் வால், திறந்த வாய், பற்கடிப்பு ஆகியவை வலியையோ மன இறுக்கத்தையோ காட்டும் குறிகளாகலாம். இவற்றைப் படித்தறிவது ஆசிரியரின் முதற் கடமை.

மேலுள்ள மாணவரிடமும் பரிவு வேண்டும். அதட்டப்பட்டவர் உடல் விறைக்கிறார். விறைத்தவர் நிலை தடுமாறுகிறார். தடுமாறுபவர் கடிவாள வாரைப் பற்றி இழுக்கிறார். அந்த இழுப்பின் வலி முழுவதும் குதிரையின் வாயில் இறங்குகிறது. ஆசிரியரின் சினம் இவ்வாறு ஒரு வாயினின்று புறப்பட்டு மற்றொரு வாயைப் புண்படுத்துகிறது! இதனாலன்றோ வியன்னாவின் புகழ்பெற்ற ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில், புதிய மாணவர் கடிவாள வாரும் அங்கவடியும் இன்றி நெடுநாள் அமர்ந்து பழகுகிறார். நீண்ட கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டமாக நடத்துபவர் ஆசிரியரே. முதலில் இருக்கை நிலைபெற வேண்டும். கைக்கு அதிகாரம் அதன் பிறகே.

வலிமையின்றி வென்றவர்

‘பரிவு வெற்றிக்கு உதவுமா?’ என்று கேட்பவர்க்கு லிஸ் ஹார்ட்டலின் வாழ்க்கையே விடை. டென்மார்க்கைச் சேர்ந்த இப் பெண்மணி 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டார். முழங்காலுக்குக் கீழ் அவருக்குச் செயல் திரும்பவில்லை. குதிரைமீது ஏறவும் இறங்கவும் பிறர் துணை தேவைப்பட்டது. காலால் உந்த இயலாத அவர், உடலின் எடையையும் முதுகின் அசைவையுமே மொழியாக்கி, ஜூபிலி என்னும் தம் குதிரையுடன் பேசினார். டிரெஸ்ஸாஜ் போட்டியில் பெண்களுக்கும் இடமளிக்கப்பட்ட முதல் ஒலிம்பிக், 1952-இல் ஹெல்சிங்கியில் நடந்தது. அதில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-இலும் அப் பதக்கத்தையே வென்றார்.

இதற்கு மாறான காட்சியையும் உலகம் கண்டது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் தறுவாயில், பிரிட்டனின் புகழ்பெற்ற வீராங்கனை ஒருவர், முன்பு பாடம் நடத்துகையில் மாணவியின் குதிரையைக் காலில் மீண்டும் மீண்டும் சவுக்கால் அடித்த படம் வெளியாயிற்று. அவர் போட்டியிலிருந்து விலகினார். பின்னர் ஓராண்டுத் தடையும் பெற்றார். பதக்கங்கள் பல பெற்ற கையும் தவறலாம் என்பதே இதன் பாடம்.

பரிவு என்பது கண்டிப்பின்மை அன்று. ஒரு குறிப்புக்கு ஒரே பொருள், ஒவ்வொரு நாளும் அதே பொருள் என்னும் தெளிவே குதிரைக்கு நாம் காட்டும் உயர்ந்த கருணை. சினத்தோடு குதிரையை அணுகாதே என்று கிரேக்க அறிஞர் செனபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அறிவுறுத்தினார்.

2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் குழுவினர் டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றபின், நம் இளைஞரிடையே இக் கலையில் ஆர்வம் வளர்ந்துள்ளது. தேசிய மாணவர் படையிலும் குதிரையேற்றம் கற்பிக்கும் பிரிவுகள் உள்ளன. நம்மில் எவரேனும் அங்குச் சேர்ந்தால், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மூன்று வினாக்களைத் தம்மையே கேட்டுக்கொள்க: நான் தெளிவாகக் கேட்டேனா? சரியாகச் செய்தபோது உடனே தளர்த்தினேனா? குதிரை வந்தபோதிருந்த அமைதியுடன் லாயம் திரும்புகிறதா? மூன்றாவது வினாவிற்கு ‘இல்லை’ என்பது விடையானால், அன்றைய மதிப்பெண் எதுவாயினும் பாடம் நிறைவேறவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.