மாரிகால நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் கமக்காரரும்

காலபோக வயல்களிலே நெற்பயிர் வளர்ந்து, குளங்கள் மாரி நீரால் நிறைந்திருக்கும் காலத்தில் வடதேசங்களிலிருந்து பெருந்தொகையான பறவைகள் இலங்கையை வந்தடைகின்றன. அவற்றையும், இங்கேயே நிரந்தரமாக வாழும் நீர்ப்பறவைகளையும் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்திலே தொண்டர்கள் எண்ணிக் குறித்து வருகின்றனர். இது பறவைகளில் விருப்பமுடையோரின் பொழுதுபோக்கு மாத்திரமே எனக் கமக்காரர் சிலர் கருதக்கூடும். ஆயினும், எண்ணப்படும் பறவைகளிற் பல இரை தேடுவது கமக்காரரின் வயலிலும், அவ்வயலுக்கு நீர் தரும் குளத்திலுமே ஆகும். ஆதலால் பறவைக் கணக்கு என்பது ஒரு வகையில் அவருடைய நிலத்தினதும் நீரினதும் கணக்காகும். அக்கணக்கைச் சரியாக எடுக்கும் முறையையும், சரியாக வாசிக்கும் முறையையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. கணக்கெடுப்பு தோன்றிய விதம்

தொண்டர்கள் ஒன்றுகூடி ஆண்டுக்கொருமுறை பறவைகளை எண்ணும் வழக்கம் 1900ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று வட அமெரிக்காவிலே தொடங்கியது. அக்காலத்தில் அங்கு நத்தார் விடுமுறையிலே பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்திப் போட்டியிடும் பழக்கம் இருந்தது. அதற்கு மாற்றாக, அவற்றைக் கொல்லாது எண்ணிப் பார்ப்போம் எனப் பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலாளர் அழைப்பு விடுத்தார். முதலாம் ஆண்டில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினர்.

நீர்ப்பறவைகளுக்கெனத் தனியான சர்வதேசக் கணக்கெடுப்பு 1967ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலே ஆரம்பமாயிற்று. ஆசிய நாடுகளுக்கான கணக்கெடுப்பு 1987ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்று வருகின்றது. இலங்கையில் இப்பணியை 1943ஆம் ஆண்டிலே தாபிக்கப்பட்ட இலங்கைப் பறவைக் கழகம் ஒருங்கமைத்து வருகின்றது.

ஜனவரி மாதம் தெரிந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. அம்மாதத்தில் வலசைப் பறவைகள் தத்தம் மாரிகால இருப்பிடங்களை அடைந்து, பெரும்பாலும் நிலையாகத் தங்கிவிடுகின்றன. பல நாடுகளில் ஒரே காலத்தில் எண்ணும்போது ஒரு பறவை இரண்டு நாடுகளின் கணக்கிற் சேரும் வாய்ப்புக் குறைவாகும்.

2. கணக்கெடுப்பினால் அறியப்பட்டவை

முதலாவதாக, எந்த நீர்நிலை முக்கியமானது என்பதை இக்கணக்கே காட்டுகின்றது. ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கென 1971ஆம் ஆண்டில் ஈரானிலுள்ள றம்சார் நகரிலே ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஓர் ஈரநிலத்திலே 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் ஒழுங்காகத் தங்குமாயின், அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததென இவ்வுடன்படிக்கையின் கீழ்க் கொள்ளப்படும். எண்ணுவோர் இல்லாவிடின் இவ்விதியைப் பயன்படுத்த முடியாது. இலங்கையிலே புந்தல 1990ஆம் ஆண்டிலும், மன்னார் மாவட்டத்து வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டிலும் றம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. வங்காலையை அடுத்த உட்பகுதியிலேயே, அருவியாற்றின் தேக்கத்திலிருந்து நீர் பெற்று மன்னார்க் கமக்காரரின் வயல்களுக்கு ஊட்டும் கட்டுக்கரைக் குளம் இருக்கின்றது. உப்பேரியும் குளமும் வயலும் பறவைகளுக்கு வெவ்வேறல்ல. அவை தொடர்ந்த ஒரே நிலமாகும்.

இரண்டாவதாக, நெல்வயலும் ஓர் ஈரநிலமே என்பது உலகத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. 2008ஆம் ஆண்டில் தென்கொரியாவிலே கூடிய றம்சார் மாநாடு இது பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. நீர் கட்டப்பட்ட வயலிலே மீன், தவளை, நத்தை, பூச்சி முதலியன வாழ்வதும், அவற்றை உண்ணப் பறவைகள் வருவதும் எமது கமக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவையே.

மூன்றாவதாக, குறைந்து வரும் இனங்கள் எவையென அறிய முடிந்துள்ளது. பல நாடுகளில் நீண்ட காலமாகச் சேர்க்கப்பட்ட எண்ணிக்கைகளை ஆதாரமாகக் கொண்டு, 2024ஆம் ஆண்டில் 16 கரையோர வலசைப் பறவை இனங்கள் முன்னையதிலும் கூடிய ஆபத்து நிலையில் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான வளைமூக்கு உள்ளான் ஆண்டுதோறும் எமது களப்புகளுக்கும் உப்பளங்களுக்கும் வருவதாகும். பார்வைக்கு ஒரு கூட்டம் எப்பொழுதும் போலவே தோன்றும். எழுதி வைத்த எண்ணே குறைவை எடுத்துக்காட்டும்.

3. கணக்கை வாசிக்கும் முறை

ஓராண்டின் எண்ணை மட்டும் கொண்டு எம்முடிவுக்கும் வருதல் தவறாகும். நல்ல மாரி பெய்த ஆண்டிலே நீர் எங்கும் பரந்து நிற்பதனால் பறவைகளும் பரந்து செல்கின்றன. 2016/17ஆம் ஆண்டுக் காலபோகத்தைப் போன்று மழை பொய்த்த ஆண்டிலோ, நீர் எஞ்சியுள்ள சில குளங்களிலே அவை நெருங்கிக் கூடும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஓர் ஊரிலே நான்கு குளங்கள் உள்ளன எனக் கொள்வோம். நல்ல மழையாண்டில் பெரிய குளத்தில் 400 தாராக்களும், ஏனைய மூன்றிலும் முறையே 300, 200, 100 தாராக்களும் காணப்பட்டன. மொத்தம் 1,000. வரட்சியாண்டில் சிறு குளங்கள் மூன்றும் வற்றின. பெரிய குளத்திலே 700 தாராக்கள் இருந்தன. பெரிய குளத்தை மட்டும் எண்ணியவர் 300 பறவைகள் கூடின என்பார். நான்கையும் எண்ணியவரோ 300 குறைந்தன என்பதை அறிவார். ஆகவே நீர் வற்றிய குளத்துக்கும் சென்று, பறவை இல்லையெனின் ‘0’ எனக் குறித்தல் இன்றியமையாதது. வெறுமையாக விடப்பட்ட இடத்துக்கும் பூச்சியத்துக்கும் வேறுபாடு பெரிது. முன்னையது எவரும் பார்க்கவில்லை என்பதையும், பின்னையது பார்த்தும் இல்லை என்பதையும் குறிக்கும்.

நல்ல நீர் நின்ற ஆண்டுகளிலும் எண்ணிக்கை தொடர்ந்து குறையுமாயின், அப்பொழுதே காரணத்தைத் தேடல் வேண்டும். அலைகரை மரங்கள் வெட்டப்பட்டனவா, குளத்தின் உட்புறம் பயிரிடப்பட்டுத் தூர்ந்ததா, நீர்ச்சாகியங்கள் மூடிக்கொண்டனவா, வயலிலிருந்து நஞ்சு கலந்த நீர் வடிந்ததா எனக் கமக்காரர் அமைப்பினர் கூடி ஆராய்தல் நலம். இவை பறவைக்கு மட்டுமன்றிக் குளத்தின் கொள்ளளவுக்கும், நன்னீர் மீனுக்கும், ஊர்க் கிணற்றுக்கும் கேடு செய்வனவாம்.

4. எண்ணும் முறை

(அ) ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில், அதே எல்லைக்குள், ஏறக்குறைய அதே நேரத்தில் எண்ணுக. காலை நேரம் உகந்தது. சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு குளக்கட்டிலே நிற்றல் வேண்டும்.

(ஆ) சிறு கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுக. பெருங்கூட்டமாயின், முதலில் 20 பறவைகளை எண்ணி, அவை அடைத்துள்ள பரப்பை மனத்திற் கொண்டு, அத்தகைய பரப்புகள் எத்தனை உள்ளன எனப் பார்க்குக. 35 பரப்புகள் இருப்பின் 700 எனக் குறிக்கலாம். நெருக்கம் கூடிய இடத்தையும் ஐதான இடத்தையும் வெவ்வேறாக மதித்தல் வேண்டும்.

(இ) பறந்து இடம் மாறும் கூட்டத்தை இருமுறை எண்ணாதிருக்க, அது சென்ற திசையையும் நேரத்தையும் உடன் குறித்துக்கொள்க.

(ஈ) இனம் தெரியாவிடின் ஊகித்து எழுதற்க. ‘இனம் அறியாத உள்ளான் 40’ என எழுதுவதே நேர்மையான குறிப்பாகும்.

(உ) திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எண்ணியோர் தொகை, வானிலை, துருசடியில் நீர்மட்டம் ஆகியவற்றைத் தவறாது குறிக்குக. நீர்மட்டம் எழுதப்படாத பறவைக் கணக்குப் பாதிக் கணக்கேயாகும்.

கமக்காரருக்கு இதிலே தனித் தகைமை உண்டு. வெளியூர்த் தொண்டர் ஒரு காலைப்பொழுது வந்து செல்வார். குளம் எப்போது வான் பாய்ந்தது, எந்த வயலிலே முதலில் நீர் வடிந்தது, நாரைகள் எந்த மரத்தில் அடைகின்றன என்பவற்றை அவ்வூரவரே அறிவர்.

5. நன்மையும் நட்டமும்

பறவைகள் அனைத்தும் பயிருக்கு நன்மையே செய்வன எனக் கூறுதல் பொருந்தாது. சீழ்க்கைத் தாரா விதைத்த முளைநெல்லை உண்ணும். நீலத் தாழைக்கோழி இளம் பயிரை முறிக்கும். நெல்லுக்குருவி முற்றும் கதிரிலே விழும். மறுபுறத்தில், உண்ணிக்கொக்கு உழவின்பின் சென்று வெட்டுக்கிளிகளையும் புழுக்களையும் உண்கின்றது; நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளைத் தின்கின்றது; கூகை இரவிலே எலிகளைப் பிடிக்கின்றது. மரக்கறித் தோட்டங்களிலே கரிச்சானும், மாரியில் மலைநாட்டுக்கு வரும் சாம்பல் வாலாட்டியும் பூச்சிகளை உண்டு வாழ்கின்றன. தோட்டத்திலே ஆங்காங்கு ‘T’ வடிவில் தடிகளை நாட்டினால் கரிச்சான் முதலியன அமர்ந்து இரைபிடிக்க வசதியாகும்.

நட்டத்தைக் குறைக்கப் பின்வருவன உதவும். பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானித்தபடி வயல்வெளி முழுவதையும் ஒரே காலத்தில் விதைத்தால், முந்தியோ பிந்தியோ விதைத்த ஒரு வயலிலே பறவைகள் முழுவதும் விழ மாட்டா. விதைத்த முதல் நாட்களிலும் கதிர் பால்பிடிக்கும் காலத்திலும் காவல் அவசியம். மினுங்கும் நாடாக்களைக் கட்டுவோர் அவற்றின் இடத்தை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். மாற்றாவிடின் பறவைகள் பழகிவிடும்.

நஞ்சு கலந்த தானியத்தை வைத்தல் எக்காரணத்தாலும் ஆகாது. நஞ்சு, வைத்தவர் கருதிய பறவையுடன் நின்றுவிடுவதில்லை. 1995/96ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆர்ஜென்தீனாவிலே வெட்டுக்கிளிகளை அழிக்க மொனோகுரோட்டொபொஸ் தெளிக்கப்பட்டது. அவ்வெட்டுக்கிளிகளை உண்ண வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் இறந்தன. கமக்காரருக்கு உதவிய பறவைகளே மாண்டன. அம்மருந்து இலங்கையில் 1995ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டது. இன்று விற்பனையிலுள்ள பீடைநாசினிகளையும் சிபாரிசு செய்யப்பட்ட அளவிலும் காலத்திலும் மட்டுமே பாவித்தல் வேண்டும். தெளித்த வயலின் நீரை உடனே வாய்க்காலில் வடியவிடலாகாது.

6. கமக்காரர் செய்யக்கூடியது

வரும் ஜனவரியில் உமது குளத்தைக் கமக்காரர் அமைப்பின் மூலமாக எண்ணுதற்கு ஒழுங்கு செய்க. பாடசாலை மாணவரையும் சேர்த்துக்கொள்க. முதலாண்டிலே பத்து இனங்களை மட்டும் அறிந்திருந்தாலும் போதுமானது. கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி, விளைச்சற் கணக்குடனும் மழைக் கணக்குடனும் பாதுகாத்து வைக்குக. ஐந்தாண்டுக் கணக்கு ஓரளவு பயன் தரும். பத்தாண்டுக் கணக்கு ஊருக்கு ஒரு சொத்தாகும். குளத்தைத் திருத்தக் கேட்கும்போதும், அலைகரையைக் காக்க முறையிடும்போதும் அக்குறிப்பேடே சான்று கூறும்.

மேலும் விபரம் அறிய விரும்புவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அல்லது கமநல சேவை நிலையத்தை அணுகுக.