ராட்டினக்காரனும் கத்தரிக்கோலும்



தம்பி, ‘லா ரோந்த்’ படத்தைப் பற்றி நீ எழுதியதை நேற்று ராத்திரி படித்து முடித்தேன். எரிச்சலில் தூக்கம் வரவில்லை. மாக்ஸ் ஒஃபுல்ஸ் யார், அவர் படமாக்கிய ஷ்னிட்ஸ்லரின் நாடகம் எது என்பதெல்லாம் உனக்கும் எனக்கும் நடுவில் தேவையில்லாத பேச்சு. நேரே குறைக்கு வருகிறேன்.

பத்து ஜோடிக்குப் பத்துப் பத்தி. விலைமாதும் சிப்பாயும், சிப்பாயும் வேலைக்காரியும், வேலைக்காரியும் சின்ன எசமானும் என்று பந்தியில் இலை தவறாமல் பரிமாறுகிறவனைப் போலப் போகிறாய். ஆன்டன் வால்புரூக் அப்படித்தானே அறிவிக்கிறார் என்பாய். படத்தில் அவர் ராட்டினக்காரர், அறிவிப்பது அவர் தொழில். நீ பார்க்க வேண்டியது, ஒரே ஆள் ஒரு ஜோடியை விட்டு அடுத்த ஜோடிக்குள் கால் வைக்கிற இடத்தை. வெயில் மத்தியானத்தில் வேலைக்காரியை ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிறுத்துகிற சின்ன எசமான் ஆல்ஃபிரட், கல்யாணமான எம்மா வந்ததும் பரீட்சை எழுத வந்த பையனாகி ஸ்டெந்தாலைத் துணைக்கு அழைக்கிறான். எம்மாவின் புருஷன் படுக்கையில் சாய்ந்துகொண்டு ஒழுக்கம் கெட்ட பெண்களைப் பற்றி உபதேசம் செய்கிறார். அடுத்த காட்சியில் அதே மனிதர் ஓட்டலின் தனியறையில் ஒரு சின்னப் பெண்ணுக்கு ஷாம்பெயின் ஊற்றிக்கொண்டிருக்கிறார். புருஷனாக வரும் ஃபெர்னான் கிராவேயின் முகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அவருக்குத் தன்மேல் துளி சந்தேகமும் இல்லை. இந்தச் சிரிப்பை நீ இரண்டு பத்தியாக அறுத்துப் போட்டு, நடுவில் நட்சத்திரக் குறி வேறு வைத்திருக்கிறாய்! இவர்களில் யாருக்கும் தாங்கள் சுற்றுகிற வட்டம் தெரியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், அவ்வளவுதான் தெரியும். முழுசும் தெரிந்தவர்கள் ராட்டினக்காரரும் நாமும் மட்டுமே.

இரண்டாவது, அந்தக் கடைசிப் பத்தி. காதலில்லாத காமம் வெறுமையாம். 1920 கடைசியில் பெர்லினில் இந்த நாடகம் மேடையேறியபோது கோர்ட்டுக்கு இழுத்தவர்கள் கையில் நீ கிடைத்திருந்தால் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். கோர்ட்டே விடுதலை செய்துவிட்டது, நீ இன்னும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறாய். ஷ்னிட்ஸ்லர் வைத்தியர். அவர் நாடகத்தில் வைத்தியரின் குளிர்ச்சி உண்டு, முக்கியமான கட்டத்தில் வெறும் கோடுகளைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தக் கோடுகள் இருந்த இடத்தில் ஒஃபுல்ஸ் ராட்டினத்தையும் ஆஸ்கார் ஸ்ட்ராஸின் வால்ஸையும் கொண்டுவந்து வைத்தார். ஆல்ஃபிரடால் முடியாமல் போகிறபோது ராட்டினம் நின்றுவிடுகிறது. வால்புரூக் அதைப் பழுதுபார்க்கிறார். அந்தப் பையனின் அவமானத்தை இவ்வளவு கருணையோடு சொன்ன படம் வேறு எனக்குத் தெரியாது. நீ அரை வாக்கியத்தில் தாண்டிவிட்டாய்.

எங்கள் பிலிம் சொசைட்டியில் இந்தப் படத்தை 16 மில்லிமீட்டரில் போட்டார்கள். நடிகையும் பிரபுவும் நெருங்குகிற இடத்தில் வால்புரூக் பிலிம் சுருளைக் கையில் எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டுவாரே, அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தர் “ஆபரேட்டர்!” என்று கத்தினார். வெட்டுப்பட்ட பிரிண்டுகளைப் பார்த்தே வளர்ந்த கூட்டம், வேறென்ன செய்யும்? கொட்டகை முழுக்க விசில். வெட்டியது படத்துக்குள்ளேயே என்று தெரிந்ததும் அதைவிடப் பெரிய விசில். அமெரிக்காவில் இந்தத் தணிக்கை கேலியாக நிற்கவில்லை. நியூயார்க்கில் படத்தையே தடை செய்தார்கள், 1954இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்தத் தடை விழுந்தது. இதெல்லாம் உன் கட்டுரையில் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கேமரா கவிதை பாடுகிறது என்று மூன்று முறை வந்திருக்கிறது.

கவிதை பாடினால் யார் பாடினார்கள் என்று சொல்ல வேண்டாமா? ஒளிப்பதிவாளர் கிறிஸ்தியன் மாத்ரா. அவர் பெயர் உன் கட்டுரையில் இல்லை. செட் போட்ட ழான் தொபோனும் இல்லை. எனக்கு இது பைத்தியம் என்று நம் நண்பர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். செட் போட்டவர் பெயர் இல்லாத சினிமாக் கட்டுரையை நான் பாதி எழுதிய கட்டுரை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் வால்புரூக் மேடையைக் கடந்து, விளக்குகளையும் கேமராவையும் கடந்து, உடை மாற்றி, வெட்டே இல்லாமல் 1900இன் வியன்னாவுக்குள் நடந்து போகிறார். அந்த வியன்னாவை யாரோ ஸ்டூடியோவில் மரம் அறுத்து, சாயம் அடித்துக் கட்டியிருக்கிறார்கள். வழி வளையாவிட்டால் கேமரா எங்கே வளையும்? தொபோனின் வேலையை ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில்கூடச் சேர்த்திருந்தார்கள், தம்பி.

இனி அந்த முகத்திரை. ஆல்ஃபிரடின் அறைக்குள் திரை மறைவில் நடுங்கிக்கொண்டு வந்த எம்மா, அதாவது தானியேல் தாரியூ, புருஷன் பக்கத்தில் திறந்த முகத்தோடு இருக்கும்போதுதான் நிஜமாக மறைந்திருக்கிறார் என்று எழுதினாயே! இந்தப் படத்தைப் பற்றித் தமிழில் நான் படித்ததில் இதற்கு ஈடு இல்லை. நானும் இத்தனை வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கண்ணில் படவில்லை. கட்டுரை முழுக்க நீ ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டிய ஒரே இடமும் அதுதான்.

அங்கிருந்து மறுபடி ஆரம்பி. நட்சத்திரக் குறிகளை எடுத்துவிடு, கடைசிப் பத்தியைக் கிழித்துவிடு. மாத்ராவும் தொபோனும் முதல் பக்கத்துக்குள் வந்தாக வேண்டும். தை இதழுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆசிரியரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.